பத்து நிமிடமும் ஒரு பதக்கமும்

போன மார்ச் மாதம், நான் முப்பத்து மூன்று வருடம் ஃபிட்டராக வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் பாதுகாப்பு வாரத்துக்குப் பேச அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும், மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இன்ஜினியர் எழுந்து கேட்டார்: “சார், உங்க காலத்துல சென்சார், இன்டர்லாக் எதுவுமே கிடையாது. மெஷின்ல ஒருத்தர் மாட்டிக்கினா இன்னா பண்ணுவீங்க?”

“மெயினை ஆஃப் பண்ணிட்டு டாக்டரைக் கூப்பிடுவோம்மா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டி, சால்வை போட்டு அனுப்பி வைத்தார்கள்.

பென்னலூருக்குத் திரும்பி வரும் வழியில் அந்தப் பதில் என்னை உறுத்த ஆரம்பித்தது. அது பொய் இல்லை. ஆனால் டாக்டர் என்று நான் சொன்னது ஒரே ஒருவரை மனதில் வைத்து. அவரைப் பற்றிச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மேடையில் அதற்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம், அம்பத்தூரில் ஒரு வருடம் அப்ரண்டிஸ். பிறகு சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஒரகடம் போகும் சாலையில் இருந்த இந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. லாரி, பஸ்களுக்கான ரப்பர் குழாய்கள் செய்தோம். இன்று இருக்கிற அளவுக்குத் தொழிற்சாலைகள் அன்று இல்லை. எங்கள் ஷெட்டின் பின்சுவரை ஒட்டியே நெல் வயல். மழைக்காலத்தில் தவளைச் சத்தம் மோட்டார் சத்தத்தோடு போட்டி போடும்.

டாக்டர் அருமைநாயகம் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். பாளையங்கோட்டைக்காரர். கடற்படையில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன வீட்டில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். தினமும் காலை மூன்று மணி நேரம் எங்கள் மருத்துவ அறையில் உட்கார வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. அவர் உட்காரவே இல்லை.

வந்த முதல் வாரத்தில் கையில் ஒரு நீளமான நோட்டோடு ஷெட்டுக்குள் நுழைந்தார். ஒல்லியான, உயரமான ஆள். வெள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்த கை. எல்லாரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார், கூட்டுகிறவர் உட்பட. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“சேகர், இதுல ஒரு ஆள் மாட்டினா, எப்படி எடுப்பீங்க?”

என் பெயர் தனசேகரன். அவர் வாயில் முதல் நாளே சேகர் ஆகிவிட்டது.

முதல் மெஷின் முன் நான் முழித்தேன். மெஷின் ஏன் நின்றது என்று கேட்டால் சொல்வேன். ஆளை எப்படி எடுப்பது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. “யோசிச்சுச் சொல்லுங்க, நாளைக்கு வர்றேன்” என்று போய்விட்டார். மறுநாள் வந்தார். இப்படியே இருபது நாளில் எல்லா மெஷினுக்கும் பதில் எழுதிக்கொண்டார். எந்த நட்டைக் கழற்ற வேண்டும், எந்த அளவு ஸ்பேனர், எத்தனை நிமிடம் என்பதுவரை எழுதினார்.

கடைசியாக மிக்ஸிங் மில்லுக்கு வந்தோம். பச்சை ரப்பரைப் பிசைகிற மெஷின் அது. இடுப்பு உயரத்தில், ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சுழலும். நடுவில் ரப்பரைக் கொடுத்தால் இழுத்துப் பிசைந்து கீழே தள்ளும். அப்படி நான்கு மில்கள் இருந்தன. எல்லாமே எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தவை. பின்பக்கமாகச் சுற்றும் வசதி எதிலும் கிடையாது.

“இதுல கை போனா?” என்றார் டாக்டர்.

இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. முன் உருளையை இரண்டு பக்கமும் பெரிய ஸ்க்ரூக்கள் தள்ளிப் பிடித்திருக்கும். ஸ்க்ரூவுக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு வார்ப்பிரும்புத் தகடு இருக்கும். பிரேக்கர் பிளேட் என்போம். தப்பித்தவறி இரும்புத்துண்டு எதுவும் உள்ளே போனால் உருளை உடையாமல் அந்தத் தகடு உடைய வேண்டும், அதற்காக வைப்பது. “ஸ்க்ரூவைத் திருகி எடுத்துடலாம் சார். திருக வரலைன்னா உளி வச்சு ஒரே போடு. வார்ப்பிரும்பு அப்பளம் மாதிரி உடையும். உருளை தானா விலகிடும். ரெண்டு நிமிஷம்” என்றேன்.

“ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அதன் கீழ் ஒரு கோடு போட்டார். எழுதும்போது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

இனி அந்தப் பதக்கம். 1991 ஆகஸ்ட் பதினைந்து அன்று கொடியேற்றும்போது டாக்டர் தன் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வர வேண்டும் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார். அந்த வருடம் மே மாதத்தில் எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. அதைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. ஊரே வாடிப்போய்க் கிடந்தது, சுதந்திர தினத்தையாவது நன்றாகச் செய்வோம் என்று மேனேஜர் நினைத்தார். டாக்டர் வெறும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் மருத்துவ அறையில் ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் ஒயரை மாற்றப் போனேன். அலமாரியில் பஞ்சு வைக்கிற டப்பா பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே நாடா கட்டிய பதக்கம்.

“இதை எதுக்குக் கொடுத்தாங்க சார்?”

“ஒரு பையன் காலை வெட்டினேன். அதுக்கு” என்றார். பெட்டியை மூடி உள்ளே தள்ளினார். நான் ஒயரை முடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நம்பர் மில்லில் பிரேக்கர் பிளேட் உடைந்தது. ஸ்டோரில் இருந்த கடைசி பிளேட்டைப் போட்டேன். பத்தாம் நாள் அதுவும் உடைந்தது. வார்ப்பிரும்புப் பிளேட் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். மெயின்டனன்ஸ் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். “எம்.எஸ். பிளேட்ல அதே சைஸுக்கு வெட்டிப் போடுய்யா. ஆர்டர் நிக்குது.”

எம்.எஸ். என்றால் சாதா இரும்பு. அது உடையாது, வளையும். எனக்கு அது தெரியும். “சார், அது பிரேக்கர் பிளேட்டா இருக்காதே” என்றேன்.

“ஒரு மாசம்தான்யா. உருளைக்கு ஒண்ணும் ஆவாது.”

அவர் உருளையைப் பற்றிப் பேசினார். நானும் உருளையைப் பற்றித்தான் யோசித்தேன். ஒரு மணி நேரத்தில் பிளேட்டை வெட்டி, அரத்தால் ராவி, அழகாகப் பொருத்தினேன். டாக்டரின் நோட்டில் அந்த மில்லுக்கு எதிரே ‘ரெண்டு நிமிஷம்’ என்று இருப்பது அன்று சாயங்காலம் வண்டியில் போகும்போது ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. அவர் தினமும் காலையில் ஷெட்டுக்கு வருவார், ஒவ்வொருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார்.

தீபாவளிக்கு அடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும். நான் பாய்லர் பக்கம் இருந்தேன். இரண்டாம் நம்பர் மில் திடீரென்று நின்றது. பழகிய காதுக்கு ஒரு மெஷின் நிற்கிற விதத்திலேயே காரணம் தெரியும். ஓடினேன்.

ஏழுமலை மாட்டியிருந்தான். வாலாஜாபாத் பக்கத்து ஆள், இருபத்தேழு வயது. நல்ல மில் ஆபரேட்டர். ரப்பர் ஷீட் மடிந்து உள்ளே போனதைத் தள்ளிவிடப் போய், கையுறை ஒட்டிக்கொண்டு, வலது கை முன்னங்கை பாதிவரை உள்ளே போய்விட்டது. தலைக்கு மேலே இருக்கும் கம்பியை அவனே இடது கையால் இழுத்து மில்லை நிறுத்தியிருக்கிறான். அது முதல் சுற்று பிசைகிற நேரம் என்பதால் உருளைகளின் இடைவெளி ஓரளவு அகலமாக இருந்தது. கையைச் சுற்றி ரப்பரும் இருந்தது. இல்லாவிட்டால் அப்போதே கை கூழாகியிருக்கும்.

இரண்டு பேர் அவனை இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

“ஏ, அவன இழுக்காதிய” என்று ஒரு குரல் கேட்டது. டாக்டர் வந்துவிட்டார். இத்தனை நாள் அவரிடம் நாங்கள் கேட்காத அவருடைய ஊர்ப் பேச்சு அன்று வெளியே வந்தது.

அடுத்த சில நிமிடங்களில் அவர் செய்ததை நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நாற்பது வருடம் ஆனாலும் மறக்காது. மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரப்பர் மூட்டைகளை அடுக்கி ஏழுமலையை அதன் மேல் உட்கார வைத்தார், உடம்பின் எடை கையை இழுக்காதபடி. நர்ஸ் எலிசபெத் அவன் இடது கையில் சலைன் ஏற்றினார். டாக்டர் அவன் வலது அக்குளில் ஒரு ஊசி போட்டார். சிறிது நேரத்தில் அந்தக் கை முழுவதும் மரத்துப் போகும் என்றார். தோளுக்குக் கீழே ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றினார், ஆனால் காற்று அடிக்கவில்லை.

“இப்போ உருளைதான் ரத்தத்தை அடச்சு வச்சிருக்கு. அது விலகுற நொடி கொட்டும். அப்போ நான் காத்தடிப்பேன். அதனால விலகுறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும். புரிஞ்சுதா?” என்று என்னைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம்னு சொன்னீங்க. ஆரம்பிங்க.”

இடது பக்க ஸ்க்ரூ நீளமான ஸ்பேனர் போட்டதும் திரும்பியது. வலது பக்கம் அசையவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் வெட்டிப் போட்ட இரும்புத் தகடு உடையாமல் குழிந்து, ஸ்க்ரூவின் நுனியைக் கவ்விக்கொண்டிருந்தது. உளி வைத்து ஓங்கி அடித்தேன். உளியின் தடம் பதிந்தது, அவ்வளவுதான்.

திரும்பி டாக்டரைப் பார்த்தேன். “சார், இது வார்ப்பிரும்பு இல்ல. நான்தான் மாத்திப் போட்டேன். உங்ககிட்ட சொல்லல.”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “எவ்வளவு நேரம் வேணும்?”

“கேஸ் கட்டிங் வைக்க முடியாது. ரப்பர் பத்திக்கும், சூடு கைக்குப் போவும். ட்ரில் போட்டுத்தான் உடைக்கணும். தெரியல சார்.”

“நாப்பது நிமிஷம் தாரேன். அதுக்குள்ள முடியலைன்னா நான் வெட்டிருவேன்.” நர்ஸிடம் ஏதோ சொன்னார். அவர் மருத்துவ அறைக்கு ஓடிப்போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். வெள்ளைத் துண்டு போட்டு மூடியிருந்தது. அதன் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு. அதற்குள் கையை விட்டு ட்ரில்லைப் பிடித்தேன். தகட்டின் குறுக்கே வரிசையாகத் துளை போட்டு, பிறகு உளியால் பிளப்பது என்று திட்டம். ஷெட்டின் கூரையில் ஒழுகிய மழைத்தண்ணீர் என் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தப் பக்கத்தில் ஏழுமலையும் டாக்டரும் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

“சார், கை கீதா, போச்சா?”

“இருக்கு. நீங்க காலைல வீட்டுலேர்ந்து எப்படி வந்தீங்க, அதைச் சொல்லுங்க.”

“பஸ்ல சார்.”

“அப்படிச் சொன்னா எப்படி. வீட்டுக் கதவைச் சாத்தினதுலேர்ந்து சொல்லுங்க.”

ஏழுமலை சொல்ல ஆரம்பித்தான். வாசலில் ஆடு கட்டியிருந்தது, அதை அவிழ்த்து அடுத்த வூட்டில் கட்டினது, ரோடு முழுக்கத் தண்ணி, வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தது, முன்சீட்டில் யாரோ கோழி வைத்திருந்தது. குரல் தேய்ந்தால் டாக்டர் கேட்பார்: “கோழி என்ன நிறம்?” அவன் யோசித்துச் சொல்வான். இடையிடையே டாக்டர் என்னிடம் நேரம் சொல்வார். “சேகர், பத்து ஆச்சு.” “இருபது.” அவசரப்படுத்துகிற தொனி அதில் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போலச் சொன்னார்.

ஐந்தாவது துளையில் ட்ரில் பிட் முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்க வரவில்லை. அதற்குப் பக்கத்தில் சாய்வாக இன்னொரு துளை ஆரம்பித்தேன்.

“முப்பத்தஞ்சு” என்றார் டாக்டர். துண்டை விலக்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் கையுறையை அவரிடம் நீட்டினார்.

ஏழுமலை பேச்சை நிறுத்திவிட்டான்.

நான் திறப்பை விட்டுத் தலையை நிமிர்த்தினேன். “சார், இன்னும் பத்து நிமிஷம் குடுங்க.”

டாக்டர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைத்தான் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பிறகு அந்த ஐம்பத்தெட்டு வயது மனிதர் தரையில் மல்லாந்து படுத்து, உருளைகளுக்குக் கீழே இருக்கும் எண்ணெய்த் தட்டுக்குள் நகர்ந்தார். ஏழுமலையின் விரல் நுனிகள் அந்தப் பக்கம் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. டார்ச் அடித்து, ரத்த நிறம் திரும்புகிறதா என்று ஒவ்வொரு நகமாக அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. வெளியே வந்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை முதுகுப் பக்கம் கறுப்பாகியிருந்தது.

“எடுத்துக்கோ சேகர். பத்து நிமிஷம் எடுத்துக்கோ” என்றார். அவர் என்னை நீ என்று சொன்னது அன்றுதான் முதல்முறை.

அந்தச் சாய்வுத் துளை முடிந்தது. உளியை வைத்தேன். “சார், அடிக்கப் போறேன்.” அவர் பட்டையில் காற்றடிக்கும் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டார். இரண்டாவது அடியில் தகடு பிளந்தது. மூன்றாவதில் உருளை ஒரு முனகலோடு விலகியது. ஏழுமலையின் கை டாக்டரின் கையில் விழுந்தது. அவர் சொன்னபடியே ரத்தம் வந்தது, அவர் சொன்னபடியே நின்றது. தட்டிலிருந்த கருவிகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

கம்பெனி வேனில் அவரே ஏறி அவனோடு சென்னைக்குப் போனார். மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் போட்டு எல்லாம் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார்.

மறுநாள் என்னை மருத்துவ அறைக்குக் கூப்பிட்டார். கை தப்பிவிடும், இரண்டு விரல் போகும் என்றார். பிறகு, நான் கேட்காமலே, எழுபத்தொன்றாம் வருடச் சண்டையைப் பற்றிச் சொன்னார். அவர் இருந்த கப்பலில் குண்டு விழுந்தது. கீழ்த்தளத்தில் அப்பண்ணா என்ற ஒரு பையன், பாய்லர் அறையில் வேலை செய்கிறவன், சரிந்து விழுந்த இரும்புச் சட்டத்துக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம், பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டார். டாக்டர் கொடுக்கவில்லை. ஒரு டார்ச் வெளிச்சத்தில் முழங்காலுக்குக் கீழே வெட்டி அவனை மேலே கொண்டுபோனார். அதன் பிறகு பம்புகள் ஓடின, தண்ணீர் வடிந்தது, கப்பல் கரைக்கு வந்து சேர்ந்தது.

“அவன் பிழைச்சான். எனக்கு மெடல் கொடுத்தாங்க. ஆனா தண்ணி வடிஞ்சதைப் பாத்தப்புறம் அந்தப் பத்து நிமிஷம் என்னை விட்டுப் போகவே இல்லை. நேத்து நீங்க அதே வார்த்தையச் சொன்னீங்க.” மறுபடி ‘நீங்க’ வந்துவிட்டது.

விசாரணை நடந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்டார்கள். அவர் பிளந்த தகட்டை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “கை உள்ள போனதுக்குக் காரணம் கவனக்குறைவா இருக்கலாம். வெளிய வர முக்கால் மணி நேரம் ஆனதுக்குக் காரணம் இது” என்றார். யார் போட்டது என்று கேட்டார்கள். நான் எழுந்து சொன்னேன். யார் சொல்லிப் போட்டேன் என்பதையும் சொன்னேன். இன்ஜினியர் முதலில் மறுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இரண்டு வாரம் சஸ்பென்ஷன். வேலையே போகும் என்று நினைத்திருந்த எனக்கு அது பெரிய தயவு. அந்த முடிவு வருவதற்கு முன் டாக்டர் மேனேஜர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். என்ன பேசினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் சொன்னார்: “கமிட்டிகிட்ட சொன்னது போதாது. ஏழுமலைகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்.”

போனேன். டாக்டரும் கூட வந்தார், ஆனால் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை கையைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தான். நான் பிளேட் மாற்றிய கதையைச் சொன்னேன். தெரிந்தே செய்தேன் என்றேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்படியே, “போய்ட்டு வாண்ணே” என்றான்.

வெளியே வந்து டாக்டரிடம் அதைச் சொன்னேன். “திருப்பிக்கிட்டானா” என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

சஸ்பென்ஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு நான் தனியாகப் போனேன். இந்த முறை ஏழுமலை உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றதும் கேட்டான்.

“அந்த பிளேட்ட மாத்திட்டியாண்ணே?”

“மாத்திட்டேன். வார்ப்பிரும்பு வந்துடுச்சு.”

“நாலு மில்லுக்கும் பாத்தியா?”

“நாலுக்கும் பாத்தேன். ஸ்டோர்லயும் ஆறு பிளேட் கீது.”

கட்டிலின் ஓரத்தில் நகர்ந்து இடம் விட்டான். “அப்ப உக்காருண்ணே. இன்னா நின்னுக்கினே கீற.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தவற்றில் அந்தக் கட்டில் ஓரத்துக்கு மேல் எதையும் நான் வைப்பதில்லை. ஏழுமலை ஆறு மாதத்தில் வேலைக்குத் திரும்பி, ஸ்டோரில் சேர்ந்து, மூன்று விரலால் கையெழுத்துப் போட்டு, என்னைப் போலவே முழு சர்வீஸ் முடித்தான். டாக்டரின் நோட்டில் இருந்ததையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு மெஷின் மேலும் மாட்டினோம். எந்த மெஷினில் எதை மாற்றினாலும் மருத்துவ அறைக்கு ஒரு சீட்டு போக வேண்டும் என்று விதி வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சீட்டுகளில் பாதிக்கு மேல் என் கையெழுத்துதான் இருந்திருக்கும். டாக்டர் மேலும் ஏழு வருடம் எங்களோடு இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கே போய், அங்கே காலமானார்.

அந்த வருடம் டிசம்பரில் நடந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

ஏழுமலையை நான் இரண்டாம் முறை பார்த்துவிட்டு வந்ததை டாக்டரிடம் வார்த்தை விடாமல் சொன்னேன். நகர்ந்து இடம் விட்டதைச் சொன்னபோது கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அப்பண்ணா சீகாகுளம் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் இருப்பதாகவும், ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அனுப்புவதாகவும், தான் இரண்டு வரி பதில் போடுவதோடு சரி என்றும் சொன்னார். “இருபது வருஷமா அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தி அவன்கிட்ட நான் சொன்னதில்லை” என்றார். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் லீவு போட்டு ரயில் ஏறிவிட்டார்.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தார். நான் மருத்துவ அறைக்குப் போனேன். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

“சொல்லிட்டீங்களா சார்?”

“சொன்னேன். மெக்கானிக் பத்து நிமிஷம் கேட்டார், நான் கொடுக்கலை, கொடுத்திருந்தா உன் கால் இருந்திருக்கும்னு சொன்னேன். சிரிச்சுட்டான். ‘சார், நீங்க என் காலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. தண்ணி என் கழுத்துக்கு வந்துட்டதை நான்தான் பாத்தேன். பத்து நிமிஷத்தை நானே கேட்டிருக்க மாட்டேன்’னான்.” டாக்டர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. “தண்ணி வடிஞ்சுட்டுதேன்னேன். ‘வடிஞ்சப்புறம்தானே சார் அது தெரியும்’னு கேட்டான்.”

“அப்புறம்?”

“மெடலை எடுத்துட்டுப் போயிருந்தேன். இது உன்னோடதுன்னு கொடுத்தேன். வேண்டாம்னு சொல்லுவான்னு நினைச்சேன். வாங்கிச் சட்டைல குத்திக்கிட்டான். ‘வாங்க சார், மீன் வாங்கப் போவோம்’னு கட்டையை ஊன்றிக்கிட்டுக் கிளம்பிட்டான். தெருவுல பாக்கிறவங்ககிட்ட எல்லாம் என்னைக் காட்டி, இவர்தான் என் டாக்டர்னு தெலுங்குல சொல்லிக்கிட்டே போறான்.”

“எவ்வளவு தூரம் சார்?”

“மணல்ல ஒரு மைல் இருக்கும். அவன் வேகத்துக்கு என்னால நடக்க முடியல சேகர். ரெண்டு தடவை நின்னு, எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தான்.”